அடிபடாத கை

சிஸ்ரான்
9 செப்டம்பர் 1997

ராயா,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. அதனால் உன் இரத்த அழுத்தத்தையும் என் பித்தப்பையையும் பற்றிய விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஆசிரியர் அறைத் தொலைக்காட்சியில் வார்யாவின் ஆட்டத்தைப் பார்த்தேன். செக் நாட்டுப் பெண்ணை மூன்றாவது செட்டில் வீழ்த்தினாள். வர்ணனையாளர் மூன்று முறை சொன்னார், இந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை உருவாக்கியது அவள் தகப்பன் ஒருவரே என்று. ஒன்பது வயது வரை அவள் கையில் ராக்கெட்டைப் பிடித்து வைத்தது யாரென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். நீ சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாய்.

அது இருக்கட்டும். வார்யா முகம் துடைக்கத் துண்டை எடுத்தபோது காமிரா நெருங்கிப் போனது. இடது காதுக்குக் கீழிருந்து தோள்வரை நீலம். பூசியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வேதியியல்காரர் என்னிடம் கேட்டார்: "இன்னகெந்தி பாவ்லவிச், உங்க மருமக கழுத்துல என்னது, மச்சமா?"

"பந்து பட்டிருக்கும்" என்றேன். நம் குடும்பத்துக்கு மனப்பாடமான பதில்.

ரயில்வே பணிமனைக்குப் பின்னால் இருந்த செம்மண் கோர்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். வார்யாவுக்குப் பதின்மூன்று. உன் புருஷன் அவளை வலைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, எதிர்ப்பக்கக் கோட்டிலிருந்து அவள் உடம்பைப் பார்த்து அடித்தான். "கண்ண மூடினேன்னா மறுபடி மொதல்லேர்ந்து" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். நான் நடுவில் போய் நின்றேன். குத்துச்சண்டைக்காரன் கை. இரண்டு பற்களைச் செம்மண்ணில் துப்பினேன். "வாத்தியாரே, போய் சாக்பீஸோட வெளையாடு" என்றான். அன்றோடு அந்த கோர்ட்டும் போயிற்று, பிள்ளையும் போயிற்று.

நீ கம்பிவேலிக்கு வெளியே தேநீர்க் குடுவையோடு நின்றாய். அதன் மூடியைத் திருகி மூடினாய். அவ்வளவுதான் செய்தாய்.

அவளை அவனிடமிருந்து பிரித்து வெளியே கொண்டுவா. இங்கே அனுப்பு. என் இரண்டு அறையில் ஒன்று அவளுக்கு.

உன் உடம்பு எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் அண்ணன்
கேஷா

*

மாஸ்கோ
2 அக்டோபர் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது; இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. இப்போது பரவாயில்லை. இந்த வருஷம் முட்டைக்கோஸ் நல்ல விலை, மூன்று ஜாடி ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை அவரும் படித்தார். இந்த வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் அவர்தான் முதலில் பிரிப்பார், உனக்குத் தெரிந்ததுதானே. சிரித்தார். "உங்கண்ணன் நல்லா எழுதுறான்டி. அவன் எழுதட்டும், நம்ம பொண்ணு ஆடட்டும்" என்றார்.

அண்ணா, எங்கள் கல்யாணத்தன்றே நீ அவரைப் பார்த்து முகம் சுளித்தவன். லாரி ஓட்டுகிறவன், நாலு புத்தகம் படிக்காதவன் என்று அம்மாவிடம் சொன்னாய். அந்த லாரிக்காரர் ராத்திரிச் சவாரிக்குப் போய்த்தான் அவளுக்குப் பந்து வாங்கினார். நீ கரும்பலகையில் கோணம் வரைந்து காட்டினாய். கோணத்தை வைத்துக்கொண்டு யாரும் சிஸ்ரானை விட்டு வெளியே வந்ததில்லை.

வார்யாவோடு உன்னிடம் ஆட்டம் பழகிய மற்ற இரண்டு பெண்கள் என்ன ஆனார்கள்? ஒருத்தி ஸ்டேஷன் வாசலில் சூரியகாந்தி விதை விற்கிறாள். இன்னொருத்தி போன குளிர்காலத்தில் போதை ஊசி போட்டுக்கொண்டே செத்தாள். அவர்களை யாரும் அடிக்கவில்லை.

அவர் கண்டிப்பானவர். அவ்வளவுதான். நீ தொலைக்காட்சியில் பார்த்தது பந்து பட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். கொழுப்புப் பண்டம் தின்னாதே. பித்தப்பைக்கு ஆகாது.

உன் தங்கை
ராயிசா

*

மெல்பர்ன்
22 ஜனவரி 1998

கேஷா மாமாவுக்கு வார்யாவின் மூன்று முத்தம்,

நலமா மாமா? இங்கே வெயில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. கடற்பறவைகள் கோர்ட்டுக்குள்ளேயே வந்து நிற்கின்றன, பந்து வந்தாலும் நகர்வதில்லை. அவற்றுக்கு யாரும் அப்பா இல்லை போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தை அணியின் மசாஜ் அம்மா நெல்லி அர்த்தூரவ்னா தபாலில் சேர்ப்பார். பதிலை அவர் முகவரிக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாம் சுற்றில் தோற்றேன். இரண்டு மேட்ச் பாயின்ட் கையில் இருந்தது, விட்டேன். ஓட்டல் அறைக்கு வந்ததும் அப்பா தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். சத்தம் வைத்தால் எனக்குத் தெரியும்.

மாமா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் என் வலது கையைத் தொடமாட்டார். பெல்ட்டால் அடித்தாலும் முதலில் "வலதுகைய பின்னால வை" என்பார். அது சோறு போடும் கை. அதனால் நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். முகத்துக்கு வரும்போது வலது கையைக் குறுக்கே தூக்கிவிடுவேன். ஓங்கிய கை அப்படியே காற்றில் நிற்கும். அடி தப்பிவிடாது, வேறு இடம் தேடும். ஆனால் முகம் பிழைக்கும். நான் அதற்குக் கேடயம் என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கேடயம் முகத்தைக் காப்பாற்றியது, விலா எலும்பைக் காப்பாற்றவில்லை. சிரித்தால் வலிக்கிறது. நல்லவேளை, சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். ஓட்டல் தாழ்வாரத்தில் பெருக்குகிற அம்மா காலி வாளியோடு குறுக்கே வந்துவிட்டாள். அப்பா எங்களையெல்லாம் திருப்பிக் கூட்டிக்கொண்டுபோய் வேறு லிஃப்டில் ஏற்றினார். ஆட்டத்துக்கு முன்னால் இங்கேயே குடியேறிய நம் ஊர்க் கிழவி ஒருத்தி எனக்குச் சாமந்திப் பூ கொண்டுவந்தாள். அப்பா நன்றி சொல்வதற்கு முன்னால் எண்ணினார் மாமா! அவள் முகத்துக்கு நேராகவே! ஒன்பது. அப்புறம்தான் சிரித்தார். "ரெட்டப்படையா இருந்திருந்தா உன் சவத்துக்கு வெச்ச மாதிரி ஆகியிருக்கும்" என்றார் என்னிடம். யாருக்கும் பயப்படாத மனிதர், பூவுக்கு வெளிறிப்போகிறார்.

உங்களோடு மணலில் பந்து தட்டிய நாட்களில் நான் தோற்றால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவீர்கள். அதனால்தான் நான் சரியாக வரவில்லை என்று அப்பா சொல்கிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வார்யா

*

சிஸ்ரான்
18 பிப்ரவரி 1998

அன்பு வார்யாவுக்கு,

நலம். நீ நலமில்லை என்பதால் நலமா என்று கேட்கவில்லை. உன் கடிதம் ஏழு நாளாக என் கோட்டுப் பையில் இருக்கிறது. வகுப்பில் விசைகளின் கூட்டலை நடத்தும்போது நடுவில் நின்றுவிட்டேன். பையன்கள் சந்தோஷப்பட்டார்கள்.

விலாவுக்கு இறுக்கமாகக் கட்டு போட்டுக்கொள். இரண்டாவது சர்வில் பந்தைத் தலைக்குப் பின்னால் போடுகிறாய், முன்னால் போடு. உன் அப்பன் இதைப் பார்த்திருக்கமாட்டான். அவன் பந்தைப் பார்ப்பதில்லை, உன் முகத்தைத்தான் பார்க்கிறான்.

அந்த மனிதனைப் பற்றி நான் பன்னிரண்டு வருஷமாக யோசித்துவருகிறேன். சட்டம் சொன்னால் சிரிக்கிறான். காவல் நிலையத்தில் அவனோடு குத்துச்சண்டை பழகியவர்கள் இருக்கிறார்கள். கடவுளை அவனுக்குத் தெரியாது. அவனை எட்டக்கூடிய வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை என்றே நினைத்திருந்தேன். நீ எழுதியதில் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. மறுபடி மறுபடி படித்தேன்.

மார்ச்சில் மாஸ்கோ உள்ளரங்கப் போட்டியில் ஆடுகிறாய் என்று செய்தித்தாளில் பார்த்தேன். நீ அரையிறுதிக்கு வந்தால் என்னிடமிருந்து பூ வரும். சிஸ்ரான் ரயிலில், பெட்டி உதவியாளர் க்ளாவ்தியாவிடம் கொடுத்துவிடுகிறேன். சாமான் கொடுத்தனுப்ப நம் ஊரில் அவளைவிட நம்பிக்கையானவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

மாஸ்கோ
20 மார்ச் 1998

அண்ணா,

நலமா? நாங்கள் நலம் என்று எழுத முடியவில்லை. வார்யா படியில் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சனிக்கிழமை அரையிறுதி. காலையில் உன் பூ வந்தது, செய்தித்தாளில் சுற்றி, உன் கையெழுத்தில் வாழ்த்து அட்டையோடு. சிவப்புக் கார்னேஷன். வீரர்கள் அறை வாசலில் அவர்தான் வாங்கிப் பிரித்தார். எண்ணினார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ராயா, நீ எண்ணு" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எண்ணினேன். ஆறு.

ஜன்னல் வழியே வீசி எறிந்தார். வார்யாவைக் காலணி மாற்றச் சொன்னார், இடது தோளுக்கு மேலே மூன்று முறை துப்பச் சொன்னார், மறுபடி காலணியை மாற்றச் சொன்னார். பிள்ளைக்குக் கால் எங்கே கை எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. நாற்பது நிமிஷத்தில் தோற்றாள். மொத்தமாக ஒரே ஒரு கேம் எடுத்தாள்.

அப்புறம் படியில் விழுந்தாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எத்தனை பூ அனுப்பினாய்?

ராயிசா

*

சிஸ்ரான்
27 மார்ச் 1998

ராயா,

உன் உடம்பு தேவலையா? வார்யாவுக்கு ஆரஞ்சும் தேனும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஏழு. ரயில் ஆட்டத்தில் ஒன்று ஒடிந்து விழுந்திருக்கும். கார்னேஷனின் தண்டு கணுவில் சுலபமாக ஒடியும்.

நீ ஒன்று கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் குடியிருப்பது தரைத்தளம். வீரர்கள் அறையும் தரைத்தளம். எந்தப் படி?

கேஷா

*

மாஸ்கோ, எலும்பு முறிவு மருத்துவமனை
14 ஏப்ரல் 1998

கேஷா மாமாவுக்கு,

நலமா? ஆரஞ்சு கிடைத்தது. தேனை நர்ஸ் தின்கிறாள், தின்னட்டும். இதை இடது கையால் எழுதுகிறேன், அதனால் முதல் வகுப்புப் பிள்ளை எழுத்து. நெல்லி அர்த்தூரவ்னா வெளியே எடுத்துப்போவார்.

படி எதுவும் இல்லை மாமா.

அரங்குக்கு அடியில், பேருந்துகள் வந்து நிற்கிற சுரங்கம் இருக்கிறது. அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். அம்மா ராக்கெட் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தார். "ஆறு பூ! என் பொண்ணுக்கு அந்த வாத்தி சவப்பூ வெக்கிறான், நீ போய் அங்க செத்தே காட்டுறியா?" என்று அப்பா கத்தினார். பையிலிருந்து ராக்கெட்டை உருவினார். முதல் அடி தொடையில். இரண்டாவது முதுகில். மூன்றாவது முகத்துக்கு வந்தது.

கேடயத்தைத் தூக்கினேன்.

அவர் பார்த்தார் மாமா. எந்தக் கை என்று அவருக்குத் தெரியும். ஒரு நொடி நின்றார். நின்றுவிடும் என்று நினைத்தேன், எப்போதும் நிற்கும். "இனிமே அது எதுக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ராக்கெட்டின் விளிம்பால் இறக்கினார். விறகு பிளக்கிற மாதிரி.

முதலில் சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. கீழே பார்த்தால் என் கை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அப்பா ராக்கெட்டைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, என் மணிக்கட்டில் ஊதினார். சின்ன வயதில் முழங்கால் சிராய்த்தால் ஊதுவாரே, அப்படி. ஊதிக்கொண்டே அழுதார். அம்மா கிடந்த ராக்கெட்டை எடுத்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

இரண்டு கம்பியும் நான்கு திருகாணியும் உள்ளே இருக்கின்றன. டாக்டரிடம் ஆடலாமா என்று கேட்டேன். "கரண்டி பிடிக்கலாம்மா. ராக்கெட்டா, ஆறு மாசம் யாரும் அந்தக் கைய தொடாம இருந்தா சொல்றேன்" என்றார்.

அதுதான் மாமா விஷயம். ஆறு மாதம் யாரும் தொடாமல் இருக்க வேண்டும். டென்னிஸ் சம்மேளனத்தின் புலாத் ரஷீதவிச்சைப் பார்த்தேன். நெல்லி அம்மாதான் கூட்டிப்போனார். அவர் கெட்டவர் இல்லை, சோம்பேறி. "குடும்ப விஷயத்துல நாங்க தலையிட முடியாதும்மா. நீ சொல்றே, உங்கம்மா இல்லேங்கறாங்க. மூணாவது ஆளு, கண்ணால பார்த்தவரு, பேரு போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, ஜூன் பதினஞ்சாம் தேதி ஒழுங்குக் குழு கூடுது, உங்கப்பா பயிற்சியாளர் அட்டைய ரத்துப் பண்ணிடுறேன். பாஸ்போர்ட்டையும் உன் கைல குடுத்துடுறேன். எந்த அரங்குக்குள்ளயும் அவரு கால் வெக்க முடியாது" என்றார்.

நெல்லி அம்மா அடித்ததைப் பார்க்கவில்லை, காயத்தைத்தான் பார்த்தார். அம்மாவைத் தவிர கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். செம்மண் கோர்ட்டில். உங்கள் இரண்டு பல் சாட்சி. எழுதுங்கள் மாமா.

முத்தங்கள், இடது கையால்.

வார்யா

*

மாஸ்கோ
21 மே 1998

அண்ணா,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? விலாவைப் படம் எடுத்துப் பார்த்தாயா? மூக்கில் இரத்தம் நின்றதா?

மே ஒன்பது, வெற்றித் திருநாளன்று நீ சொல்லாமல் வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் முற்றத்துச் சுவரில் வார்யாவை இடது கையால் பந்து தட்ட வைத்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் ஓடியதை நீ பார்த்தாய். தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் அவர் காலால் உதைத்ததையும் பார்த்தாய். அக்கம்பக்கத்தார் பலகாரத் தட்டோடு பார்த்தார்கள், பிறகு உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார்கள். நீ மட்டும்தான் "நிறுத்துடா, மிருகமே" என்றாய்.

அவர் உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "எத்தன பூடா அனுப்பினே, வாத்தி?"

நீ பேசவில்லை. அவர் குத்தினார். "எத்தன?" என்றார். நீ பேசவில்லை. கீழே தள்ளி விலாவில் மிதித்தார். "வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதா? எத்தனன்னு சொல்லு, விட்டுடுறேன்." இரத்தத்தைத் துப்பினாயே தவிர ஏழு என்று சொல்லவில்லை. எனக்கு எழுதிய அந்த ஏழு. ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். வார்யா அவர் முதுகில் தொங்கிக்கொண்டு காதைக் கடித்ததால்தான் உன்னை விட்டார். அதற்கு அவள் பட்டதை எழுதப்போவதில்லை.

அந்த மௌனம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மறு வாரம் ஸ்டேஷனுக்குப் போய் சிஸ்ரான் ரயிலுக்காகக் காத்திருந்தேன். க்ளாவ்தியா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பிளாட்பாரத்துலயே சொன்னேம்மா உங்கண்ணன்கிட்ட. 'ஐயா, ஆறுதான் இருக்கு, ரெட்டப்படை, பூக்காரி ஏமாத்திட்டா, ஓடிப்போய் ஒண்ணு வாங்கியாங்க, வண்டி கிளம்ப நேரமிருக்கு'ன்னேன். 'ஆறுதான் வேணும், அவனுக்குப் புரியும்'னார். படிச்சவரு, ஏதோ வெவரமாத்தான் சொல்றாருன்னு விட்டுட்டேன்."

அவனுக்குப் புரிந்தது, அண்ணா. வார்யாவின் கையில் புரிந்தது.

என் புருஷன் ரோதியோன் என்ன ஆள் என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? இருபத்திரண்டு வருஷமாக அவர் பக்கத்தில் படுக்கிறேன். என் விரல் எந்தக் கதவிடுக்கில் மாட்டியது என்று நீ கேட்கவே இல்லை. ஆனால் அவர் எதைச் செய்தாலும் முகத்துக்கு நேரே செய்வார். நீ தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பூ அனுப்புகிறாய்.

நீ சாட்சி எழுதினால், உன் பெயர் அந்தத் தாளில் இருந்தால், நான் க்ளாவ்தியாவைக் கூட்டிக்கொண்டு குழு முன்னால் வருவேன். என் அண்ணன் பழைய பகைக்காக எழுதுகிறான், அந்தப் பகைக்காகத்தான் சொந்த மருமகளுக்குச் சவப்பூ அனுப்பினான் என்று சொல்வேன். பெயர் போடாமல் எழுதலாம் என்று யோசித்தால், நம் அப்பாவை நினைத்துக்கொள். ஐம்பதாம் வருஷம் பெயரில்லாத ஒரு புகார்த் தாளை நம்பித்தான் போலீஸ் அவரை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோயிற்று. எழுதியவன் யாரென்று தெரியாமலே அம்மா செத்தாள். தெருவில் வணக்கம் சொன்ன ஒவ்வொருவனையும் இவனா இவனா என்று பார்த்துப் பார்த்துச் செத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் பார்த்துக்கொள்.

ராயிசா

*

மாஸ்கோ
3 ஜூன் 1998

கேஷா மாமாவுக்கு,

நலமா? போன மாதத்திலிருந்து உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. விலா சேர்ந்துவிட்டதா? என்னுடையது சேர்ந்துவிட்டது, நல்ல சாதி எலும்பு நமக்கு.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து யாரோ வேறொரு பெண்ணின் கை மாதிரி இருக்கிறது. விரல்கள் மடங்குகின்றன. நேற்று யாருமில்லாதபோது ராக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன். பிடிக்கிறது மாமா! நீங்கள் சொல்லிக்கொடுத்த பிடி, சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி. இந்தக் கை பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அப்பாவும் பார்த்துவிட்டார். வலது கை வேலை செய்கிறது என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்று மாலையே சர்வ் போட வைத்தார். நான்காவதில் ராக்கெட் நழுவி விழுந்தது. சுவரோடு சேர்த்து என் கழுத்தைப் பிடித்தார். இப்போது அவருக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒரு தடவை உடைத்துவிட்டவருக்கு இரண்டாவது தடவை சுலபம். எனக்குக் கேடயமும் இல்லை.

அம்மா பூ விஷயத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அழுதேன். அப்பா அடித்தபோது இவ்வளவு அழவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். ஆறோ ஏழோ, ராக்கெட்டை ஓங்கியது நீங்கள் இல்லை. அம்மா வந்து குழு முன்னால் சொல்லட்டும். நீங்களும் சொல்லிவிடுங்கள்: ஆமாம், அனுப்பினேன், இருந்தாலும் இவன் அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று. முற்றத்தில் நடந்தது ஒன்று போதும். புலாத் ரஷீதவிச்சிடம் கேட்டுவிட்டேன். "உங்க மாமா புனிதரா இருக்கணும்னு ரூல் இல்லம்மா. பேரும் கையெழுத்தும் இருக்கணும், அவ்வளவுதான். பேரில்லாம வர்றத நாங்க படிக்கிறதே இல்ல, நேரா கூடைக்குத்தான் போகும்" என்று சொன்னார்.

பதினைந்தாம் தேதி. அதற்கு முன் வந்து சேரவேண்டும். இதற்கு மேல் உங்களிடம் எதையும் கேட்கமாட்டேன்.

வார்யா

*

11 ஜூன் 1998

டென்னிஸ் சம்மேளன ஒழுங்குக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உங்கள் ஆட்டக்காரி வர்வாரா ரோதியோனவ்னாவை அவருடைய தகப்பனும் பயிற்சியாளருமானவர் பதின்மூன்று வயது முதல் அடித்துவருகிறார். வலைக்கு முன்னால் கைகளைக் கட்டி நிறுத்திப் பந்தால் அடித்ததையும், தடுக்கப்போன ஒருவரின் பற்களை உடைத்ததையும் நேரில் பார்த்தேன். கடந்த மே ஒன்பதாம் தேதி, உடைந்த கையோடு அவளைச் சுவருக்கு முன்னால் ஓடவிட்டுக் காலால் உதைத்ததையும் நேரில் பார்த்தேன். அன்று வருகை தந்திருந்த உறவினர் ஒருவரும் மோசமாகத் தாக்கப்பட்டார். அந்த மனிதர் குத்தும்போது முஷ்டியைக் கடைசி நொடியில் திருப்புவார். பட்டவர்களுக்குத்தான் அது தெரியும்.

மணிக்கட்டு படியில் விழுந்து உடைந்ததாகச் சொல்வார்கள். அரங்கக் கட்டடத்தின் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். பேருந்துச் சுரங்கத்துக்குச் சாய்தளம்தான் உண்டு, படி கிடையாது. மருத்துவரைக் கேளுங்கள், மேலிருந்து இறங்கிய விசையும் கீழே விழுந்த விசையும் எலும்பை ஒரே கோணத்தில் முறிப்பதில்லை.

அன்று காலை யாரோ அந்தப் பெண்ணுக்கு ஆறு பூக்கள் அனுப்பியிருந்ததாகவும், தகப்பனின் கோபத்துக்கு அதுதான் காரணம் என்றும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அனுப்பியவர் யார், என்ன நினைத்து அனுப்பினார் என்பது இந்த விசாரணைக்குத் தேவையற்றது. பூ யாருடைய எலும்பையும் உடைத்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு இந்நாட்டிலேயே மிகச் சிறந்த கை வாய்த்திருக்கிறது. அதன் பிடி ஒன்பது வயதுக்குள் அமைந்தது. அதை அமைத்துக் கொடுத்தவரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வந்ததில்லை. உங்கள் பதிவேட்டிலும் இருக்காது. இந்தத் தாளிலும் வேண்டாம்.

பெயரில்லாத கடிதங்களை நீங்கள் படிப்பதில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இருந்தாலும் இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மைக்குக் கையெழுத்து எதற்கு? அடியில் மூன்று முறை பேனாவை வைத்தேன். மூன்று முறையும் என் தங்கையின் முகம் வந்தது, க்ளாவ்தியாவின் முகம் வந்தது. இந்தத் தாளை நான் பிரதி எடுத்து எழுதும்போது இந்த இரண்டு வரிகளை விட்டுவிட வேண்டும்.

நாளை காலை ஏழு மணி ரயிலில் சமாராவுக்குப் போகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் ஒரு தபால் பெட்டி உண்டு. இதை அதில் போடுவேன். கையெழுத்துப் போடப்போவதில்லை.